பட்டா வேறு, அனுபோகம் வேறு

அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. ஒரு வண்ணத்துப்பூச்சி எங்கெல்லாம் வாழக்கூடும் என்று கணினியை வைத்து நான் முதன்முதலில் போட்ட படம். செய்முறை சுலபம். அந்தப் பூச்சி இதுவரை தென்பட்ட இடங்களின் பட்டியல் ஒன்று வேண்டும். வெப்பநிலை, மழை, உயரம் என்று சில அடுக்குகள் வேண்டும். எல்லாவற்றையும் நிரலுக்குள் போட்டால், இதே தட்பவெப்பம் உள்ள மற்ற இடங்கள் இவை என்று சிவப்பு பூசிக் கொடுத்துவிடும். என் படத்தில் சிவப்பு தாராளமாக இருந்தது. யாருமே அந்தப் பூச்சியைப் பார்த்திராத மலைச்சரிவுகள்கூடச் சிவந்து கிடந்தன. புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு நாள் மிதந்துகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அதை மூத்தவர் ஒருவரிடம் காட்டினேன். செடிகொடிகளோடு முப்பது வருடம் கழித்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லாருக்கு தம்பி. இதோட புழு என்ன தின்னும்?"

சொன்னேன். ஒரே ஒரு கொடியின் இலையைத்தான் தின்னும்.

"சரி, அந்தக் கொடி இதுல எங்க இருக்கு?"

இருக்கவில்லை. என் படத்தில் கொடி இல்லை, எறும்பு இல்லை, குளவி இல்லை. வெயிலும் மழையும் மட்டும் இருந்தன. ஆளே இல்லாத ஊருக்கு வரைபடம் போட்டு வைத்திருந்தேன். அவர் கேலி செய்யவில்லை, தேநீர் குடிக்கக் கூட்டிப்போனார். அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது.

பள்ளியில் திணை படித்தவர்களுக்கு ஒரு வரிசை மனதில் பதிந்திருக்கும். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்து மரம், பூ, விலங்கு, பறவை எல்லாம் கருப்பொருள். முதலில் மேடை, பிறகு நடிகர்கள். உயிர்களின் பரவலைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் நினைப்பதும் இதே வரிசையில்தான். பாலை என்றால் கள்ளி, குளிர் என்றால் ஊசியிலை மரம். இதில் பொய் ஏதுமில்லை. ஆனால் அந்தக் கருப்பொருள்கள் ஒன்றையொன்று தின்கின்றன, நசுக்குகின்றன, சுமக்கின்றன, நிழல் கொடுக்கின்றன. யார் எங்கே இருக்கலாம் என்பதைப் பாதிக்குமேல் அவையே தங்களுக்குள் தீர்த்துக்கொள்கின்றன என்பது எனக்குப் பிடிபட வருடங்கள் ஆயின.

டார்வினுக்கு இது பிடிபட்டிருந்தது. இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில், ஃபார்ன்ஹாம் அருகே பரந்த புதர்வெளி. தூரத்துக் குன்றுகளின் உச்சியில் மட்டும் ஏதோ சில பைன் மரங்கள். பத்து வருடத்துக்குள் அந்த வெளியில் சில பகுதிகளுக்கு வேலி போட்டிருந்தார்கள். வேலிக்குள் யாரும் விதைக்காமலே பைன் கன்றுகள் நெருக்கியடித்துக்கொண்டு முளைத்திருந்தன. வேலிக்கு வெளியே நூற்றுக்கணக்கான ஏக்கரில் பார்வைக்கு ஒரு கன்றும் இல்லை. மண் ஒன்று, மழை ஒன்று. டார்வின் குனிந்து புதர்த் தண்டுகளுக்கு இடையே தேடினார். கன்றுகள் அங்கேயும் இருந்தன. தலை தூக்கத் தூக்க மாடுகள் கடித்துக்கொண்டிருந்தன. ஒரு சதுர கஜத்தில் 32 கன்றுகளை எண்ணினார். அவற்றில் ஒன்றின் தண்டில் 26 ஆண்டு வளையங்கள் இருந்தன. இருபத்தாறு வருடமாக அந்த மரம் புதர் உயரத்தைத் தாண்ட முயன்றிருக்கிறது.

என் நிரலிடம் கேட்டிருந்தால் அந்த வெளி முழுவதையும் பைன் காடு என்று சிவப்படித்திருக்கும். தட்பவெப்பத்தைப் பொறுத்தவரை அது சரியான பதில்கூட.

இதற்கு 1957ல் ஹட்சின்சன் என்ற சூழலியலாளர் ஒரு தெளிவான பிரிவினை கொடுத்தார். ஓர் உயிரினம் உடல்ரீதியாகத் தாங்கக்கூடிய நிலைமைகள் அத்தனையும் ஒரு வட்டம். மற்ற உயிர்கள் விட்டுவைத்ததில் அது உண்மையில் வாழும் பகுதி அதற்குள் இன்னொரு சிறு வட்டம். பாடநூல்களில் இவற்றுக்குக் கடினமான கலைச்சொற்கள் உண்டு. எனக்கு நிலப் பத்திர மொழிதான் கைகொடுத்தது. பெரிய வட்டம் பட்டா, சின்ன வட்டம் அனுபோகம். பட்டா உன் பெயரில் இருக்கலாம். நிலத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது வேறு கதை.

இதை வேறெங்கும்விட அழகாகக் காட்டியது ஒரு கடற்கரைப் பாறை. ஸ்காட்லாந்தின் கம்ப்ரே தீவு, ஆராய்ந்தவர் ஜோசப் கானெல். அதற்கு முன் முயல்களின் பின்னால் அலைந்து ஆய்வு செய்தவர். இந்த முறை ஓடவே ஓடாத ஓர் உயிரைத் தேர்ந்தெடுத்தார். கப்பலின் அடியிலும் கரைப் பாறையிலும் சிறு சுண்ணாம்புக் கூம்புகளாக ஒட்டிக்கொண்டிருக்கும் கொட்டலசு. சொரசொரவென்று காலைக் கீறும் அதேதான். குஞ்சாக இருக்கும்போது நீந்தும். ஓர் இடத்தில் ஒட்டிவிட்டால் ஆயுசு முழுக்க அங்கேதான்.

அந்தப் பாறைகளில் இரண்டு வகைக் கொட்டலசுகள். அலை எப்போதாவது மட்டும் எட்டும் மேல் பட்டையில் சிறியதான தாமலஸ். அதற்குக் கீழே, நெடுநேரம் நீரில் மூழ்கியிருக்கும் அகலமான பட்டையில் பலானஸ். நடுவே கோடு போட்டதுபோல எல்லை. மேலே இருப்பது வறட்சி தாங்கும், கீழே இருப்பது தாங்காது, அவ்வளவுதான் என்று யாரும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் கானெல் ஒன்றைக் கவனித்தார். தாமலஸின் குஞ்சுகள் கீழ்ப்பட்டையிலும் வந்து ஒட்டத்தான் செய்கின்றன. வளர்ந்தவை மட்டும் அங்கே இல்லை. இடையில் என்ன நடக்கிறது?

தாமலஸ் ஒட்டிய கற்களை எடுத்துக் கீழே கொண்டுபோய்ப் பொருத்தினார். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பாதியில் பலானஸைச் சுரண்டி எடுத்துக்கொண்டே இருந்தார், மறு பாதியை அப்படியே விட்டார். ஒவ்வொரு கொட்டலசின் இடத்தையும் குறித்துவைத்து மாதாமாதம் திரும்பிவந்து எது உயிரோடு இருக்கிறது என்று பார்த்தார். சுரண்டிய பாதியில் தாமலஸ் கீழேயும் நன்றாகவே பிழைத்தது. நீரில் மூழ்கிக்கிடப்பது அதற்கு ஒரு பிரச்சினையே இல்லை. விட்டுவைத்த பாதியில் நடந்தது நிதானமான கொலை. வேகமாக வளரும் பலானஸ் சின்னதன்மேல் ஏறி மூடும். அல்லது அதன் அடியில் புகுந்து நெம்பிப் பாறையிலிருந்து பெயர்க்கும். அல்லது இருபுறமும் நெருக்கி நசுக்கும். தேள் கொட்டுவதுபோல் ஒன்றும் கிடையாது, வெறும் வளர்ச்சி.

1961ல் இதை வெளியிட்டபோது கானெல் சொன்ன முடிவில் எனக்குப் பிடித்த பகுதி, அந்த எல்லைக்கு இரண்டு பக்கமும் வெவ்வேறு சட்டம் என்பதுதான். பலானஸ் மேலே ஏறாததற்குக் காரணம் வெயில். காய்ந்து செத்துப்போகும். தாமலஸ் கீழே இறங்காததற்குக் காரணம் பலானஸ். ஒரே கோடு. மேலிருந்து பார்த்தால் அண்டைவீட்டுக்காரன், கீழிருந்து பார்த்தால் வானிலை. வலியவனுக்கு வசதியான இடமும் எளியவனுக்கு வலியவன் வர முடியாத இடமும் வாய்த்தது. சின்னது வறட்சியை விரும்பி மேலே போனது என்று நாம் ஒரு கதை கட்டியிருந்தோம். அது விரும்பவில்லை. அங்கேதான் அதை விட்டுவைத்தார்கள்.

இந்தக் கோட்டின் ஒழுங்கு மலைகளிலும் கண்டங்களிலும்கூடத் தெரிகிறது என்று பின்னால் பலர் எழுதினார்கள். குளிர்ப் பக்கத்து எல்லையைப் பெரும்பாலும் குளிர் போடுகிறது, வெப்பப் பக்கத்து எல்லையை மற்ற உயிர்கள் போடுகின்றன என்று. டார்வினும் ஏறக்குறைய இதைச் சொல்லியிருக்கிறார். விதிவிலக்குகள் நிறைய உண்டு. ஆனாலும் ஒரு பரவல் வரைபடத்தைப் பார்க்கும்போது இந்தக் கோட்டை எது போட்டது, அந்தக் கோட்டை எது போட்டது என்று பக்கம் பக்கமாகக் கேட்கும் பழக்கம் எனக்கு அங்கிருந்து வந்தது.

தின்பவர்களின் கை இன்னும் விசித்திரமானது. 1963ல் ராபர்ட் பெய்ன் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையில் ஒரு பாறைத் துண்டிலிருந்து நட்சத்திர மீன்களைக் கடப்பாறையால் நெம்பி எடுத்துக் கடலில் வீசத் தொடங்கினார். அறிவியல் என்றால் இதுவும்தான். நட்சத்திர மீனின் முக்கிய இரை மட்டி. எதிரி போனதும் மட்டிகள் பாறை முழுவதையும் போர்த்துக்கொண்டு இறங்கின. 15 இனங்கள் வாழ்ந்த இடத்தில் 8 மிஞ்சின. தின்பவன் இருந்தபோது பதினைந்து பேருக்கு இடம் இருந்தது, அவன் போனபின் எட்டுப் பேருக்குத்தான் என்பது முதலில் கேட்கும்போது கணக்குத் தவறுபோல இருக்கும். அவன் தின்றதால்தான் காலி இடம் உண்டாகிக்கொண்டே இருந்தது. வளைவின் உச்சியில் இருந்து மற்ற கற்களைத் தாங்கும் கல்லை உவமையாக வைத்து, இப்படிப்பட்ட இனங்களுக்கு 1969ல் பெய்ன் 'கீஸ்டோன்' என்று பெயரும் வைத்தார்.

அந்தப் பெயர் புகழ்பெற்றதில் ஒரு தொல்லையும் வந்தது. எல்லா இடத்திலும் ஒரே ஒரு கதாநாயக விலங்கைத் தேடத் தொடங்கினோம். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1995ல் ஓநாய்களைத் திரும்ப விட்டதும் எல்க் மான்கள் குறைந்தன, வில்லோ மரங்கள் எழுந்தன, நதியே திரும்பியது என்ற கதை எல்லோர் கைப்பேசிக்கும் வந்திருக்கும். சில இடங்களில் வில்லோ உயர்ந்தது உண்மைதான். ஆனால் ஓநாய் இல்லாத பல பத்தாண்டுகளில் நீர்நாய்போல இருக்கும் பீவர்களும் அங்கிருந்து போய்விட்டன. அவை கட்டும் அணைகள் இல்லாமல் ஓடைகள் ஆழமாக அரித்துக்கொண்டு இறங்கின, நிலத்தடி நீரும் கீழே போனது. அப்படிப்பட்ட இடங்களில் மான் கடிக்காமல் விட்டாலும் வில்லோ உயரவில்லை. போன உயிர் திரும்பி வரும்போது அதன் பழைய ஊர் அங்கே இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. நான் அந்தக் காணொளியைப் பகிர்ந்தவன்தான், ஆகவே யாரையும் குறைசொல்லும் தகுதி எனக்கில்லை.

ஒரே நாயகன் என்ற ஆசையை என்னிடமிருந்து முழுமையாக அகற்றியது ஒரு நீல வண்ணத்துப்பூச்சி. பெரிய நீலன் என்று சொல்லலாம். பிரிட்டனில் அது தேய்ந்துகொண்டே வந்தது. பூச்சி சேகரிப்பவர்கள் பிடித்துவிடுகிறார்கள் என்று நினைத்தார்கள். வேலி போட்டார்கள். கால்நடைகள் நுழையாமல் காத்தார்கள். காத்த இடங்களிலும் அது அழிந்தது. 1979ல் பிரிட்டனில் ஒன்றுகூட இல்லை.

ஜெரமி தாமஸ் என்பவர் கடைசியாக எஞ்சிய கூட்டத்தோடு 1970களில் தங்கியிருந்து அதன் வாழ்க்கையை நாள்கணக்கில் பார்த்தார். பூச்சி தைம் என்ற சிறு மூலிகைச் செடியின் மொட்டில் முட்டையிடும். புழு சில வாரம் பூவைத் தின்னும், பிறகு தரையில் விழுந்து காத்திருக்கும். ஓர் எறும்பு வந்து, தன் குஞ்சு வழிதவறிக் கிடக்கிறது என்று ஏமாந்து அதைப் புற்றுக்குத் தூக்கிப்போகும். உள்ளே போன புழு எறும்புக் குஞ்சுகளையே தின்று பத்து மாதம் போலக் கொழுக்கும். இந்த ஏமாற்று எல்லா எறும்பிடமும் செல்லாது. மிர்மிக்கா சபுலெட்டி என்ற ஒரே இனத்தின் புற்றில்தான் அது நன்றாகப் பிழைக்கிறது. நெருங்கிய சொந்தமான மற்ற எறும்புகளின் புற்றில் பெரும்பாலும் செத்துப்போகிறது.

இனிதான் விஷயம். அந்த எறும்புக்கு மண் சூடாக இருக்க வேண்டும். புல் ஒட்ட மேயப்பட்டிருந்தால்தான் வெயில் மண்ணில் படும். இரண்டு மூன்று விரல் உயரம் கூடுதலாக வளர்ந்தாலே நிழல் விழுந்து மண் குளிர்ந்து, வேறு எறும்புகள் வந்து குடியேறும். மேய்ச்சல் குறைந்துகொண்டிருந்த காலம். 1953ல் மிக்சோமடோசிஸ் என்ற வைரஸ் நோய் பிரிட்டனுக்குள் வந்து முயல்களைக் கொன்று குவித்தது. புல் உயர்ந்தது. தைம் செடி இருந்தது, பூச்சி இருந்தது, எறும்புகள்கூட இருந்தன. ஆனால் வேறு எறும்புகள். ஒரு முயல் வைரஸ் ஒரு வண்ணத்துப்பூச்சியை வரைபடத்திலிருந்து அழித்தது. நல்லெண்ணத்தில் போட்ட வேலிகள் அதற்குத் துணைபோயின. மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்து, ஸ்வீடனிலிருந்து பூச்சிகளை எடுத்துவந்து 1983 முதல் விட்டபோது அது மறுபடி நிலைத்தது.

டார்வினின் புதர்வெளியில் மேய்ச்சல் பைன் மரத்தை அழுத்தியது. இங்கே மேய்ச்சல் ஒரு பூச்சியைத் தாங்கியது. நல்ல உறவு, கெட்ட உறவு என்று பிரிப்பதெல்லாம் யார் பக்கமிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்ததுதான்.

சண்டையை மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறேன். சூழலியலும் நெடுநாள் அப்படித்தான் பேசியது. வட அமெரிக்க மேற்கு மலைகளின் உச்சியில் வெண்பட்டைப் பைன் என்று ஒரு மரம். அதன் விதைக்குச் சிறகு கிடையாது, கூம்பும் தானாகத் திறக்காது. காற்றை நம்பிப் பிரயோசனமில்லை. கிளார்க் நட்கிராக்கர் என்ற காக்கைக் குடும்பத்துப் பறவை கூம்பை உடைத்து, நாக்கடிப் பையில் விதைகளை நிரப்பிக்கொண்டு மலைமேல் பறந்து, சிலசில விதையாக மண்ணில் புதைத்து வைக்கும். ஒரு பருவத்தில் ஒரு பறவை பல்லாயிரம் விதைகள் புதைக்கும். நினைவாற்றல் அபாரம், ஆனால் எல்லாவற்றையும் எடுக்காது. எஞ்சியது முளைக்கிறது. அந்தக் காட்டின் எல்லையைப் பறவையின் மறதி வரைகிறது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அது மறதியா, தேவைக்குமேல் சேமித்ததா என்பதைப் பறவையிடம்தான் கேட்க வேண்டும்.

கூட்டாளி வராமல் போனால் பட்டா செல்லாது என்பதற்கு வனிலா போதும். மெக்சிகோவிலிருந்து கொண்டுபோன கொடி இந்தியப் பெருங்கடல் தீவுகளில் நன்றாக வளர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. தாயகத்துத் தேனீக்கள் உடன் வரவில்லை. 1841ல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் ஒரு குச்சியாலும் கட்டைவிரலாலும் பூவை மகரந்தச் சேர்க்கை செய்யும் வழியைக் கண்டான். இன்றும் தோட்டங்களில் அந்த விரல்தான் தேனீ. தென் அரைக்கோளத்தில் பைன் நட்டவர்களும் இதே பாடத்தைக் கற்றார்கள். வேரோடு கூட்டுச் சேரும் பூஞ்சை இல்லாத மண்ணில் கன்றுகள் மஞ்சளித்து நின்றன, பழைய பைன் மண்ணைக் கொஞ்சம் கலந்தபின் பிடித்துக்கொண்டன.

எதிரி வராமல் போனால்? ஆஸ்திரேலியாவில் சப்பாத்திக்கள்ளி 1920களில் சுமார் 240 லட்சம் ஹெக்டேரில் பரவிக்கிடந்தது. தென் அமெரிக்காவின் அர்ஜென்டினாவிலிருந்து 1925ல் ஓர் அந்துப்பூச்சியின் முட்டைகளைக் கொண்டுவந்து வளர்த்து, 1926ல் விட்டார்கள். சில வருடத்தில் அதன் புழுக்கள் கள்ளிக்காட்டைக் கூழாக்கின. நன்றிக்கடனாகக் குயின்ஸ்லாந்தில் அந்தப் பூச்சியின் பெயரில் ஒரு மண்டபமே இருக்கிறது.

கூட்டும் போட்டியும் ஒரே ஜோடிக்குள் இடத்துக்கு இடம் மாறும் என்பது 2002ல் வந்த ஓர் ஆய்வில் தெளிவானது. உலகின் 11 மலைப்பகுதிகளில் செடிகளின் பக்கத்துச் செடிகளைப் பிடுங்கிப் பார்த்தார்கள். அடிவாரப் பக்கம் பிடுங்கியபோது எஞ்சிய செடி செழித்தது. உச்சிப் பக்கம் பிடுங்கியபோது நலிந்தது. கீழே பக்கத்துச் செடி உணவுக்குப் போட்டி, மேலே அதுவே காற்றுக்கு மறைப்பு. கஷ்டத்தில் ஒண்டிக்கொள்வதும் வசதி வந்ததும் வேலி போடுவதும் நமக்கு மட்டுமே உரியதென்று நினைத்திருந்தேன்.

உலகம் சூடாகும்போது இதெல்லாம் என்ன ஆகும் என்பதுதான் இப்போது எல்லோருக்கும் கேள்வி. என் பழைய நிரல் போன்ற நிரல்கள்தான் பெருமளவு பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன: இந்த இனம் இத்தனை மீட்டர் மேலே நகரும் என்று. ஆனால் எல்லோரும் ஒரே வண்டியில் கிளம்பப்போவதில்லை. சுவிட்சர்லாந்தின் கலாண்டா மலையில் இதைச் சோதித்து 2015ல் வெளியிட்டார்கள். உச்சியில் வளரும் செடிகளை வெப்பமான கீழ்ச்சரிவுக்கு இறக்கி நட்டார்கள். தங்களோடு சேர்ந்து இறக்கப்பட்ட பழைய அண்டையர் நடுவே அவை ஓரளவு தாக்குப்பிடித்தன. கீழ்ச்சரிவின் செடிகள் நடுவே படுத்துவிட்டன. சூடு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஹவாயில் இது சோதனை அல்ல. அங்கே ஹனிக்ரீப்பர் என்ற பறவைக் குடும்பம், ஒரே மூதாதைச் சிட்டிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்களாகப் பிரிந்தது. வளைந்த அலகு, நேர் அலகு, கிளி அலகு என்று விதவிதம். கொசுவே இல்லாத தீவுகளில் வாழ்ந்தவை. 1826ல் கப்பலில் கொசு வந்தது, பின்னால் பறவை மலேரியாவும் வந்தது. தாழ்நிலக் காடுகளில் அவை துடைக்கப்பட்டன. இன்று எஞ்சியிருக்கும் 17 இனங்களில் பலவும் சுமார் 1,500 மீட்டருக்கு மேலேதான் வாழ்கின்றன. பறவைக் கையேட்டில் அவற்றை மலைக்காட்டுப் பறவை என்று போட்டிருப்பார்கள். தாமலஸைப் பாறையின் மேல்பட்டைக்காரன் என்று சொன்னதுபோல. அவை மலையை விரும்பியவை அல்ல. மலேரியாக் கிருமி கொசுவுக்குள் வளர ஏறக்குறைய 13 டிகிரி வெப்பம் வேண்டும். அதற்குக் கீழே குளிரும் இடம்தான் அவற்றின் அனுபோகமாக மிஞ்சியது. அந்தக் குளிர்க் கோடு இப்போது மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. காவாய் தீவில் மிக உயர்ந்த சிகரமே 1,600 மீட்டரை எட்டவில்லை. அதற்குமேல் ஏற அங்கே மலை கிடையாது.

2023 கடைசியில் மாவி தீவின் காடுகளுக்குமேல் ஹெலிகாப்டர்களிலிருந்து கொசுக்களைப் போடத் தொடங்கினார்கள். ஆண் கொசுக்கள், கடிக்காது. அவற்றின் உடலில் இருக்கும் ஒரு பாக்டீரியா, அங்குள்ள பெண் கொசுக்களோடு பொருந்தாத ரகம். கூடினால் முட்டை பொரிக்காது. அப்படியாவது கோட்டைக் கொஞ்சம் கீழே தள்ள முடியுமா என்று பார்க்கிறார்கள்.

என் படத்துக்கு வருகிறேன். அந்தக் கொடியின் பரவலை ஓர் அடுக்காகச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். சிவப்பு சரிபாதிக்கும் கீழே சுருங்கியது. மூத்தவரிடம் கொண்டுபோனேன். இந்த முறை கண்ணாடியை ஏற்றாமலே பார்த்தார். மேற்குப் பக்கம் ஒரு சரிவைத் தொட்டுக் காட்டினார். கொடி இருக்கிறது, மழை சரி, உயரம் சரி, சிவப்பும் இருக்கிறது. பூச்சியை மட்டும் அங்கே ஒருவரும் பார்த்ததில்லை.

"இங்க யாரு தம்பி அத விடமாட்டேங்கறாங்க?"

அடுத்த ஞாயிறு அந்தச் சரிவில் காலை ஆறிலிருந்து பதினொன்றுவரை உட்கார்ந்திருந்தேன். கொடியில் எறும்புகள் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தன. எந்த எறும்பு என்று எனக்கு அப்போது தெரியாது. நான்கைப் பிடித்துக் குப்பியில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.